பழைய பால்சா ட்ரெய்னர்: ஒட்டின பாகங்களைப் பிரிச்சு மாத்துறது எப்படி?

காற்றாடி_கோவை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கல்லூரி ஏரோமாடலிங் குழுவோட அலமாரி மேல வருஷக்கணக்கா கிடந்த ட்ரெய்னர் (பறக்க விடப் பழகுற மாடல் விமானம்) ஒண்ணு எனக்குக் கிடைச்சிருக்கு. 40 சைஸ் எஞ்சினுக்கானது, மேல் இறக்கை, நுனிக்கு நுனி ஒன்றரை மீட்டர், முழுக்க பால்சாவும் பிளைவுட்டும். நைட்ரோ எஞ்சின் நல்லா சுத்துது. சர்வோ, அதாவது சுக்கானை அசைக்கிற சின்ன மோட்டார், எல்லாம் புதுசு வாங்கிக்கலாம். மரத்துலதான் வேலை.

இடது இறக்கையில லீடிங் எட்ஜ் (முன் விளிம்புக் கட்டை) ஒரு சாண் நீளத்துக்கு நசுங்கியிருக்கு. அதுக்குப் பின்னாடி ரெண்டு ரிப் (இறக்கையோட விலா எலும்பு) மூக்குல உடைஞ்சிருக்கு, அதுக்கு மேல ஒட்டின மெல்லிய பால்சா ஷீட்டிங்கும் உள்வாங்கிடுச்சு. எஞ்சின் மவுண்டைப் பிடிச்சு ஆட்டினா ஃபயர்வால் (மவுண்ட் பூட்டியிருக்கிற முன் பலகை) லேசா அசையுது. சுத்தியுள்ள மரம் எண்ணெய் குடிச்சுக் கறுத்திருக்கு. வால்ல செங்குத்தா நிக்கிற ஃபின்னை யாரோ ஒரு தடவை உடைஞ்சு ஒட்டியிருக்காங்க, இடப்பக்கம் சாஞ்சு நிக்குது. ஃபின்னுக்கு ஒரு சேதமும் இல்ல, ஒட்டினதுதான் கோணல்.

இந்த ஒட்டையெல்லாம் விடுவிக்க என்ன ஊத்தணும்? அசிட்டோன் அரை லிட்டர் வாங்கி வெச்சிருக்கேன்.

தச்சன்மகன்:

அசிட்டோனை இப்போதைக்கு மூடி வையுங்க தம்பி. மரத்து மேல போர்த்தியிருக்கிற கவரிங் ஃபிலிம்ல பட்டா கலர் கரைஞ்சு வழியும். அது கடைசியில ஒரு இடத்துல உதவும், அப்ப எடுக்கலாம்.

முதல்ல எந்த இடத்துல எந்தப் பசைனு பாருங்க. ஒரே மாடல்ல நாலு வகைப் பசை இருக்கிறது சகஜம். கட்டினவர் ஒண்ணு போட்டிருப்பார், பழுது பார்த்தவர் வேற ஒண்ணு. பிளேடு முனையால ஓரத்துல சுரண்டிப் பாருங்க. ரப்பர் பதத்துல சுருண்டு வந்தா, ஒரு சொட்டு வெந்நீர் விட்டதும் பால் நிறத்துக்கு வந்தா, ஃபெவிகால் வகை. தெளிவா, கெட்டியா, சில்லுச் சில்லாத் தெறிச்சா ஃபெவிக்விக் வகை, அதாவது சிஏ. அதுக்குப் பக்கத்துல வெள்ளைப் புகை படிஞ்ச மாதிரி பூத்திருந்தா சந்தேகமே வேண்டாம். தேன் நிறத்துல மொத்தமா, மூலையில வழிச்சு விட்டிருந்தா எபாக்ஸி. மஞ்சளா நுரை நுரையா இருந்தா பாலியூரித்தேன். கெட்டியான பிறகு அதைக் கரைக்கிற எதுவும் மரத்துக்கு ஆகாது, வெட்டித்தான் எடுக்கணும்.

ரொம்பப் பழைய மாடல்னா பால்சா சிமெண்ட் இருக்கும். அது நைட்ரோசெல்லுலோஸ். அசிட்டோன், டோப் (மாடல் வார்னிஷ்) தின்னர் ரெண்டுக்குமே இளகும்.

காற்றாடி_கோவை:

பார்த்தேன் அண்ணா. இறக்கையில ரிப், ஸ்பார் (இறக்கை நீளத்துக்கு ஓடுற முதுகெலும்புக் கட்டை) எல்லாம் ஃபெவிகால் வகை, வெந்நீருக்கு வெளுத்துச்சு. ஃபயர்வால் ஓரத்துல தேன் நிறத்துல மொத்தமா இருக்கு. ஃபின் அடியில சில்லாத் தெறிக்குது, சுத்தி வெள்ளையாப் பூத்திருக்கு.

முன்னாள்_ஏர்விங்:

அப்படின்னா வேலை சுலபம். என்.சி.சி. ஏர்விங்ல கேடட்டுகளோட மாடல் பழுது பார்த்த அனுபவத்துல சொல்றேன். ஃபெவிகால் ஒட்டுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால். பஞ்சை நனைச்சு ஒட்டு மேல வெச்சு, காயாம இருக்க பிளாஸ்டிக் தாள் சுத்தி விடுங்க. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தா பசை ரப்பராகி, மெல்லிய பிளேடு உள்ளே போகும். தண்ணியை விட இது நல்லது. தண்ணி பால்சாவை ஊத வைக்கும், ஸ்பாரை வளைக்கும்.

எபாக்ஸிக்குச் சூடு. 5 நிமிஷ எபாக்ஸி 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஹீட் கன் வெச்சா ஃபயர்வால் கையோட வந்துடும்.

தச்சன்மகன்:

ஆல்கஹால் பத்தி சொன்னது சரி சார், நானும் அதைத்தான் பயன்படுத்துறேன். ஆனா எங்கே பிரிக்கணும், எங்கே வெட்டணும்னு முடிவு பண்ணின பிறகுதான் அந்த பாட்டில்.

ஒட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, இந்த மூட்டுல எந்தப் பக்கம் பிழைக்கணும்னு கேட்கணும். ஒரு பக்கம் குப்பைக்குப் போறதுன்னா அந்தப் பக்கத்தை மெல்ல மெல்ல வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தேய்ச்சுடலாம். மருந்து எதுவும் தேவையில்ல. ரெண்டு பக்கமும் பிழைக்கணும்னாதான் பசையைக் கரைக்கிற பேச்சே. பால்சா லேசான மரம், கனமீட்டருக்கு 100லிருந்து 200 கிலோ வரை, நல்லா ஒட்டின எந்தப் பசையையும் விடச் சதை பலவீனம். இழுத்துப் பிரிச்சா ஒட்டு அப்படியே நிக்கும், பக்கத்து மரம் பிய்ஞ்சு வரும். "கொஞ்சம் அழுத்தினா வந்துடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

காற்றாடி தம்பிக்கு மூணு இடத்துலயும் மூணு வேற பதில். இறக்கையில நசுங்கின லீடிங் எட்ஜ் குப்பை, ரிப் பின்பாதி பிழைக்கணும். மூக்குல ஃபயர்வால் குப்பை, ரெண்டு பக்கப் பலகையும் பிழைக்கணும். வால்ல ஃபின் பிழைக்கணும், அது உட்கார்ந்திருக்கிற மேல் ஷீட் போனாலும் பரவாயில்ல.

முன்னாள்_ஏர்விங்:

கேள்வி நல்ல கேள்விதான், ஒத்துக்கிறேன். ஆனா குப்பைக்குப் போற பாகத்துக்கும் ஒரு பயன் இருக்கு ஐயா. முழுசா விடுவிச்சு எடுத்தா அதுவே புதுப் பாகத்துக்கு அச்சு. கண்டந்துண்டமா வெட்டினா அளவு போச்சு. பிளான் இல்லாத பழைய மாடலுக்கு இது பெரிய இழப்பு.

தச்சன்மகன்:

அது நியாயம். அதனாலதான் வெட்டுறதுக்கு முன்னாடி அளவு எடுக்கணும்னு எல்லாருக்கும் சொல்லுவேன். இவருடையது நேர் இறக்கை, வேரிலிருந்து நுனி வரை ஒரே அகலம். எல்லா ரிப்பும் ஒரே அச்சு. பக்கத்துல உடையாத ரிப் இருக்கே, அட்டையை வெச்சு அதையே வரைஞ்சுக்கலாம். நுனி குறுகுற இறக்கையா இருந்தா நீங்க சொல்றதுதான் சரி, அப்ப ஒவ்வொரு ரிப்பையும் ஆல்கஹால் போட்டு முழுசா எடுக்கத்தான் வேணும்.

ரொறன்ரோ_பறவை:

வணக்கம் அண்ணைமார். நல்ல கதை போகுது, நானும் ஒண்டு சொல்லுறன். ஃபயர்வாலுக்கு ஹீட் கன் பிடிக்கேக்க கவனம். பிளைவுட் சூட்டை இலேசில கடத்தாது. ஒட்டு இளகிறதுக்குள்ள வெளியில இருக்கிற ஃபிலிம் சுருங்கி, பக்கப் பலகையும் கருகிப் போகும். பின்னாலை சில்லுத் தட்டு, அதுதான் சக்கரக் கால் பூட்டுற பலகை, ஒட்டியிருக்கிற எபாக்ஸியும் சேர்ந்து இளகும். நான் செய்யிறது, பழைய பிளேடு ஒண்டைச் சூடாக்கி ஒட்டு வழியாவே விடுறது. சூடு வேண்டிய இடத்தில மட்டும் போகும். ஜன்னலைத் திறந்து வைச்சுச் செய்யுங்கோ.

இன்னொண்டு, இஞ்ச பனிக்காலத்தில கராஜுக்கை எபாக்ஸி காயவே காயாது. 24 மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறது அறை வெப்பநிலைக்கு. சிஏயும் அப்பிடித்தான். அது காற்றில இருக்கிற ஈரத்தாலதான் இறுகும், காய்ஞ்ச குளிருக்கை சுணங்கும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வானூர்தி_மாணவி:

சென்னையில எதிர்ப் பிரச்சினை. கடலோர ஈரத்துல சிஏ பாட்டில் திறந்து வெச்சா உள்ளேயே கெட்டியாகிடுது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வெச்சிருக்கோம்.

ஒரு எச்சரிக்கை, இங்க எல்லாரும் படிக்கட்டும்: சிந்தின சிஏயைப் பஞ்சாலயோ பருத்தித் துணியாலயோ துடைக்காதீங்க. பருத்தியில பட்டதும் சட்டுனு இறுகி, கை வெந்து போற அளவு சூடாகும், புகையும் வரும். அப்புறம், காய்ஞ்ச சிஏ மேல சூடு வெச்சா அது திரும்ப ஆவியாகிக் கண்ணை எரிக்கும். ஃபின் அடியில சால்டரிங் அயர்ன் வைக்கலாம்னு யாருக்காவது யோசனை இருந்தா விட்டுடுங்க.

காற்றாடி_கோவை:

நன்றி. அந்த யோசனை இருந்தது, விட்டுட்டேன். ஃபின்னை எப்படித்தான் எடுக்கிறது? அசிட்டோன் சிஏயைக் கரைக்கும்னு படிச்சேன்.

தச்சன்மகன்:

கரைக்கும், மேல இருக்கிறதை. மூட்டுக்குள்ள முடி கனத்துக்குத்தான் சிஏ இருக்கு. அந்த இடுக்குல அசிட்டோன் நுழையறதுக்குள்ள ஆவியாகிடும். அதோட, தண்ணி மாதிரி ஓடுற சிஏ பால்சா நாருக்குள்ள ஆழமா இறங்கி மரத்தையே பிளாஸ்டிக் ஆக்கியிருக்கும். அதைக் கரைச்சு முடிக்கிறது ஆகாத காரியம். கடையில விக்கிற டீபாண்டர் (சிஏ கரைக்கிற மருந்து) விரலைப் பிரிக்க நல்லது, பால்சா மூட்டுக்கு ஆகாது.

சின்ன ஹேக்ஸா பிளேடை எடுத்து ஒரு முனையில டேப் சுத்திக் கைப்பிடியாக்குங்க. ஃபின் சாய்ஞ்சிருக்கிற பக்கத்துல ஃபிலிமை முதல்ல கீறி விலக்குங்க. பிளேடைப் படுக்கையா ஃபின் அடியில வெச்சு, ஃபியூஸ்லேஜ் (விமான உடல்) பக்கம் அரை மில்லி சாய்ச்சு அறுங்க. பிளேடு வழி தவறினா மேல் ஷீட்டுக்குள்ளதான் போகணும், ஃபின்னுக்குள்ள போகக் கூடாது. ஷீட் 1.6 மில்லி பால்சா, புதுசு போடப் பெரிய வேலையில்ல. ஃபின் வந்ததும் அடியில ஒட்டியிருக்கிற சிஏ மரத்தைத் தட்டையான கட்டையில உப்புத்தாள் ஒட்டித் தேயுங்க. விரலால பிடிச்சுத் தேய்ச்சா சிஏ கோடு மேடா நிக்கும், ரெண்டு பக்கமும் மெத்து மரம் பள்ளமாகும்.

ஹிஞ்சு (கீல்) ஏதாவது சிஏ போட்டு ஒட்டியிருந்தா தோண்டாதீங்க. தட்டையா அறுத்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் புதுசா இடுக்கு வெட்டிக்கலாம்.

வேங்கை72:

நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். நான் பறக்குற மாடல் பண்றதில்ல, 1/72 பிளாஸ்டிக் கிட். ஒரு ஜெட்ல லேண்டிங் கியர் கால் உடைஞ்சு போச்சு, மிச்சம் குழிக்குள்ள சிமெண்ட் போட்டு ஒட்டினபடி இருக்கு. ஃப்ரீசர்ல வெச்சா வந்துடும்னு சொல்றாங்க. உண்மையா?

வானூர்தி_மாணவி:

சிஏ போட்டு ஒட்டியிருந்தா ஃப்ரீசர் பல சமயம் வேலை செய்யும். குளிர்ல சிஏ இன்னும் நொறுங்கும் தன்மையாகும், பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டினா விடும். பிளாஸ்டிக் சிமெண்ட் வேற கதை. அது பாலிஸ்டைரீனையே கரைச்சு ரெண்டு துண்டையும் ஒரே பொருளாக்கிடுது. கரைப்பான் ஆவியான பிறகு அங்க பசைனு தனியா ஒண்ணுமில்ல, பிளாஸ்டிக் மட்டும்தான். ஃப்ரீசருக்குப் பிரிக்க ஒண்ணும் கிடைக்காது. அசிட்டோனையும் பக்கத்துல கொண்டு வராதீங்க, மாடலே கரையும்.

குழிக்குள்ள மிச்சம் இருக்கிற காலைக் கையால சுத்துற சின்ன ட்ரில்லால துளைச்சுடுங்க. புதுக் காலுக்குள்ள பித்தளைக் கம்பி ஒண்ணு செருகி அந்தத் துளையில உட்கார வைங்க. பழைய மூட்டை விட உறுதியா நிக்கும். பெரிய துண்டுகளோட சீம், அதாவது ஒட்டுக் கோடு, திறக்கணும்னா மட்டும், மெல்லிய திரவ சிமெண்டைக் கோடு வழியா திரும்பத் திரும்ப ஓட விட்டு இளக்கி, பின்னாடியே மெல்லிய பிளேடு விடலாம். ஒட்டி ரொம்ப நாள் ஆகலைன்னா வாய்ப்பு அதிகம்.

வேங்கை72:

புரிஞ்சது. தச்சன்மகன் ஐயா கேட்ட கேள்விதான் இங்கயும், குழி பிழைக்கணும், கால் குப்பை. நன்றி.

காற்றாடி_கோவை:

ஃபின் வந்துடுச்சு. மேல் ஷீட்ல உள்ளங்கை அளவு போச்சு, ஃபின் முழுசா இருக்கு. இப்ப ஃபயர்வால். ஹீட் கன்னா, சூடான பிளேடா, வெட்டா?

தச்சன்மகன்:

முதல்ல எஞ்சின் எந்தக் கோணத்துல பார்க்குதுன்னு எழுதி வைங்க. இதைச் செய்யாம யாரும் ஃபயர்வால்ல கை வைக்கக் கூடாது. ட்ரெய்னர்ல எஞ்சின் நேரா இருக்காது. வலப்பக்கம் ரெண்டு மூணு டிகிரி, கீழேயும் கொஞ்சம் திரும்பியிருக்கும். பல மாடல்ல அந்தக் கோணம் ஃபயர்வாலோட சாய்வுலயேதான் இருக்கு. அதைச் செங்குத்தா மாத்தி ஒட்டிட்டா த்ராட்டில் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் விமானம் இடப்பக்கமா மேலே இழுக்கும், ட்ரிம்ல சரி பண்ணவே முடியாது. ரெண்டு பக்கப் பலகையிலயும், மேலயும் கீழயும், ஃபயர்வால் முகம் எங்க முடியுதுன்னு பென்சில் கோடு போடுங்க. அட்டையில பக்க அச்சு வெட்டி வைங்க. மவுண்ட் துளை நாலையும் காகிதத்துல தேய்ச்சு எடுத்து வைங்க.

பிறகு டேங்கை எடுத்துட்டு, ஃபயர்வால் ஓரத்துக்கு 5 மில்லி உள்ளே வரிசையா துளை போடுங்க. துளைகளை அரத்தால இணைச்சா நடுப்பகுதி தனியா விழும். அப்புறம் ஓரத்துல நிக்கிற சட்டத்தை நாலு மூலையிலயும் அறுத்து, ஒவ்வொரு துண்டாச் சின்ன உளியால உள்பக்கமா நெம்புங்க. வெளிப்பக்கமா நெம்பினா பக்கப் பலகை பிளக்கும். ஏற்கெனவே அசையுதுன்னா ஒரு பக்கம் எபாக்ஸி விட்டிருக்கு, அங்க ஹேக்ஸா பிளேடு நேரா நுழையும். பிடிவாதமா நிக்கிற மூலைக்கு ரொறன்ரோ தம்பி சொன்ன சூடான பிளேடு சரி.

முன்னாள்_ஏர்விங்:

துளை போடுற முறை நல்லாருக்கு, நான் இதுவரை செஞ்சதில்ல. என் ஹீட் கன் பரிந்துரையை இந்த இடத்துக்கு வாபஸ் வாங்கறேன், ஃபிலிம் மூடின மூக்குக்கு அது முரடு.

எண்ணெய் பத்தி யாரும் பேசலையே. புது ஃபயர்வாலை எண்ணெய் குடிச்ச பலகையில ஒட்டினா எந்த எபாக்ஸியும் நிக்காது. பழைய ஒட்டு விட்டதுக்குக் காரணமே அதுவாத்தான் இருக்கும். நைட்ரோ எரிபொருள்ல மெத்தனால் எரிஞ்சு போகும், அதுல கலந்திருக்கிற விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ எரியாம வெளியே வந்து மரத்துல இறங்கும்.

சோள மாவு எடுத்து ஆல்கஹால்ல குழைச்சு, கறுத்த இடத்துல கனமா அப்புங்க. காய்ஞ்சதும் ஹீட் கன்னைத் தள்ளி வெச்சு மிதமாச் சூடு காட்டினா எண்ணெய் மேல வந்து மாவு மஞ்சளாகும். பிரஷ்ஷால தட்டிவிட்டுத் திரும்ப அப்புங்க. மாவு வெள்ளையாவே உதிர்ற வரைக்கும் விடாம செய்யணும். அதுக்கு மேலயும் கறுப்பு மெத்துன்னு அழுந்துற மரம் இருந்தா அது செத்த மரம், வெட்டிப் போடுங்க.

தச்சன்மகன்:

இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல சார், இதுதான் அந்த வேலையோட உயிர். ஆல்கஹால் முழுசாக் காய்ஞ்ச பிறகு ஹீட் கன் எடுக்கணும்னு மட்டும் தம்பி ஞாபகம் வெச்சுக்கட்டும். தீப்பிடிக்கும் பொருள். அசிட்டோனுக்கும் அதேதான்.

புது ஃபயர்வால் 6 மில்லி பிர்ச் பிளைவுட். மெதுவாக் காயற எபாக்ஸியே போடுங்க. 5 நிமிஷ எபாக்ஸி வெயில்ல நிறுத்தின கார்ல கூட இளகக்கூடியது, எஞ்சின் பக்கத்துல அதுக்கு வேலையில்ல. உள்மூலையில முக்கோணக் கட்டை ஒட்டுங்க. வெளியிலிருந்து பக்கப் பலகை வழியா ஃபயர்வால் விளிம்புக்குள்ள மூங்கில் குச்சி ஆணி, பக்கத்துக்கு மூணு. எஞ்சின் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல ஓடுறப்ப வர்ற அதிர்வை ஒட்டு மட்டும் தாங்கணும்னு விடக் கூடாது. கடைசியா, ஆல்கஹால் கலந்து நீர்க்க வெச்ச எபாக்ஸியை மூக்கு உள்ளறை முழுக்க, வெட்டுமுகம் விடாம பூசுங்க. திரும்ப எண்ணெய் இறங்காது.

வானூர்தி_மாணவி:

எங்க குழுவுல நிறைய பேர் இப்ப ஈபிஓ ஃபோம் விமானம்தான் பறக்க விடுறாங்க. அதைத் தேடி இங்க வர்றவங்களுக்காக ஒரு வரி. ஃபோம்ல மோட்டார் மவுண்ட், சர்வோ எல்லாம் ஹாட் க்ளூ போட்டு ஒட்டியிருந்தா, ஓரத்துல ஐசோபுரொபைல் ஆல்கஹால் சொட்டு விடுங்க. பிடி விட்டு ஒரே துண்டா உரிஞ்சு வரும், ஃபோமுக்கு ஒண்ணும் ஆகாது. நசுங்கின ஈபிஓ மூக்கை வெந்நீர்ல காட்டினா ஓரளவு பழையபடி உப்பி வரும். தெர்மகோல் இறக்கையில மட்டும் சாதாரண சிஏ போடாதீங்க, குழி விழும். ஃபோமுக்குன்னு தனி சிஏ இருக்கு.

காற்றாடி_கோவை:

ஃபயர்வால் வந்துடுச்சு, பக்கப் பலகை ரெண்டும் பத்திரம். சோள மாவு முதல் சுத்துல நல்ல மஞ்சள். இன்னும் போயிட்டிருக்கு. அது நடக்கும்போதே இறக்கையை ஆரம்பிக்கலாமா?

தச்சன்மகன்:

ஆரம்பிக்கலாம், ஆனா பிளேடு எடுக்கிறதுக்கு முன்னாடி இறக்கையைத் தட்டையான பலகையில குண்டூசி, எடை வெச்சுக் கட்டிப் போடுங்க. லீடிங் எட்ஜ், மேல் கீழ் ஷீட்டிங், ஸ்பார் நாலும் சேர்ந்து ஒரு மூடின குழாய். முறுக்கத்தைத் தாங்கறது அந்தக் குழாய்தான். ஷீட்டை வெட்டித் திறந்த நிமிஷம் இறக்கை துணியாட்டம் முறுக்கும். முறுக்கின நிலையில மூடி ஒட்டிட்டா அந்த முறுக்கு நிரந்தரம், ஒவ்வொரு பறப்புலயும் ஒரு பக்கம் சாயும். நல்ல பக்கத்து இறக்கையோட நுனியில வாஷவுட் (பின் விளிம்பு லேசா மேல திரும்பியிருக்கிறது) இருக்கான்னு பார்த்து, அதே உயரத்துக்கு இந்தப் பக்கமும் அடியில துண்டு வைங்க.

ஸ்பாரையும் பாருங்க. ஃபிலிமை விலக்கி, நல்ல வெளிச்சத்துல இறக்கையை லேசா மேல வளைச்சா விரிசல் வெள்ளைக் கோடாத் தெரியும். கிரீச்னு சத்தம் வந்தாலும் நின்னு தேடுங்க.

ஸ்பார் நல்லா இருந்தா, உடைஞ்ச ரிப்பை முழுசா எடுக்க வேண்டாம். ஸ்பாருக்கு முன்னாடி இருக்கிற மூக்கை மட்டும் வெட்டி எடுங்க. பக்கத்து ரிப் அச்சுல புது மூக்கு, நார் முன்னாடியிலிருந்து பின்னாடி ஓடணும். ரிப்புக்குப் புள்ளி புள்ளியாத் தெரியுமே, அந்த விறைப்பான சி வெட்டு பால்சா. ஷீட்டிங்குக்கு வளையற ஏ வெட்டு. ரெண்டையும் மாத்திப் போட்டா ரிப் தளரும், ஷீட் வளைக்கும்போது பிளக்கும். புது மூக்கும் பழைய ரிப்பும் சேர்ற இடத்துல பக்கவாட்டுல 1.6 மில்லி துண்டு ஒட்டித் துணை கொடுங்க.

ஷீட்ல ஜன்னல் வெட்டறப்ப ரெண்டு ஓரமும் ரிப் நடுவுல விழணும், புது ஷீட்டுக்கு உட்கார இடம் வேணும். 2.4 மில்லி ரிப்ல பாதி போதாது, ரிப் பக்கத்துல ஒரு பட்டை ஒட்டி அகலமாக்குங்க. மேல் ஷீட் வெட்டும் லீடிங் எட்ஜ் வெட்டும் ஒரே கோட்டுல வரக் கூடாது. ஒண்ணு ஒரு ரிப்ல, அடுத்தது அடுத்த ரிப்ல.

ரொறன்ரோ_பறவை:

லீடிங் எட்ஜில புதுத் துண்டு சேர்க்கிற மூட்டுக்குச் சரிவு எவ்வளவு எடுப்பியள் அண்ணை? நான் 1க்கு 6 எடுக்கிறனான்.

தச்சன்மகன்:

ட்ரெய்னர் லீடிங் எட்ஜுக்கு 6லிருந்து 8 மடங்கு போதும். 10 மில்லி கட்டைன்னா 60லிருந்து 80 மில்லி சரிவு. ஸ்பாரா இருந்தா 12 மடங்குக்குக் குறைய மாட்டேன். ஆள் ஏறுற மர விமானத்துல ஸ்பார் பழுதுக்கு வழக்கமான சரிவு அது. நேரா வெட்டி முட்ட வெச்ச மூட்டு நாரோட நுனியில ஒட்டுது, அங்க பசை உறிஞ்சிப் போகுமே தவிரப் பிடிக்காது. சரிவா வெட்டினாதான் நாரோட பக்கம் பசைக்குக் கிடைக்கும்.

ரெண்டாம் உலகப் போர்ல பறந்த பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானத்தோட உடல் பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவுல பால்சா வெச்சு ஒட்டினது. முதல்ல கேசீன் பசை, அதாவது பால் புரதம். அப்புறம் யூரியா ஃபார்மால்டிஹைடுக்கு மாறினாங்க. 1940லயே நம்ம கையில இருக்கிற இதே மரத்தை நம்பி ஆளை ஏத்தியிருக்காங்க, அதுவும் போருக்கு. மூட்டு சரியா இருந்தா பால்சா ஏமாத்தாது.

முன்னாள்_ஏர்விங்:

பழைய ஃபிலிமை உரிச்ச இடத்துல அதோட பசை கலரோட மரத்துல தங்கும். அதுக்கு மேல ஃபெவிகால் போட்டா பிடிக்காது.

தச்சன்மகன்:

ஆமாம், தம்பியோட அசிட்டோன் அங்கதான். பழைய பனியன் துணியில கொஞ்சம் நனைச்சு, ஒட்டப் போற விளிம்பை மட்டும் துடைங்க. மிச்ச ஃபிலிம் ஓரத்துல மாஸ்கிங் டேப் போட்டுக்கோங்க. கதவு திறந்து, பக்கத்துல அடுப்பு இல்லாம.

புது மூட்டுக்கெல்லாம் ஃபெவிகால் வகையே போதும். சிஏ வேகம்தான், ஆனா தேய்க்கிறப்ப மேடு நிக்கும். அடுத்த தடவை பழுது வந்தா பிரிக்கவும் விடாது.

காற்றாடி_கோவை:

இறக்கை மூடியாச்சு. ஸ்பார்ல விரிசல் இல்ல. பலகையிலிருந்து எடுத்த பிறகு பின்னாலிருந்து பார்த்தேன், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. ஃபயர்வாலும் மெதுவான எபாக்ஸி, மூங்கில் ஆணியோட உட்கார்ந்துடுச்சு, பென்சில் கோடு நாலுலயும் பொருந்துது. ஃபின்னை நேரா நிறுத்த என்ன அளவு எடுக்கிறது?

தச்சன்மகன்:

ஃபின் நுனியிலிருந்து ஸ்டெபிலைசரோட (வால்ல படுக்கையா இருக்கிற சின்ன இறக்கை) ரெண்டு நுனிக்கும் நூல் பிடிங்க, ரெண்டும் சமமா வரணும். அதுக்கு முன்னாடி ஸ்டெபிலைசர் நுனி ரெண்டும் மூக்கு நடுப்புள்ளிக்குச் சம தூரமான்னு பாருங்க. அது கோணலா இருந்தா அதை வெச்சு நிறுத்தின ஃபின்னும் கோணல்தான். ஃபின்னோட முன் விளிம்பு ஃபியூஸ்லேஜ் நடுக்கோட்டுல இருக்கணும். ஃபெவிகால், ரெண்டு பக்கம் டேப் இழுவை, காயற வரைக்கும் கை வேண்டாம்.

வால்ல பசையைக் கஞ்சமாப் போடுங்க. வால் நீளம் மூக்கை விட அதிகம், அங்க ஏறுற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்குல ரெண்டு மூணு கிராம் ஈயம் வைக்க வேண்டி வரும்.

வானூர்தி_மாணவி:

பழுது பார்த்த இறக்கை எப்பவும் கொஞ்சம் கனம் ஏறும். மூக்கையும் வாலையும் நடுக்கோட்டுல பிடிச்சுத் தூக்குங்க. இடது நுனி கீழே போனா வலது நுனியில அதுக்கேத்த எடை ஒட்டுங்க. அப்புறம் சிஜியை (எடை சமநிலைப் புள்ளி) புதுசா பாருங்க, பழைய அடையாளத்தை நம்பாதீங்க. இந்த வகை ட்ரெய்னருக்கு லீடிங் எட்ஜிலிருந்து இறக்கை அகலத்துல 28, 30 சதவீதம் நல்ல தொடக்கம்.

தச்சன்மகன்:

பறக்க விடுறதுக்கு முன்னாடி ஒரு டேங்க் முழுசும் தரையிலேயே ஓட விடுங்க. வாலை யாராவது நல்லாப் பிடிச்சுக்கட்டும், ப்ரொப்பல்லருக்கு நேரா யாரும் நிக்க வேண்டாம். மெதுவா, வேகமா, திரும்ப மெதுவா. நிறுத்தின பிறகு எண்ணெயைத் துடைச்சுட்டு ஃபயர்வால் ஓரம் முழுக்கப் பாருங்க. முடி அளவு கோடு தெரிஞ்சாலும் பறக்க வேண்டாம், போட்டோ போடுங்க, பேசலாம்.

காற்றாடி_கோவை:

ஓட விட்டாச்சு அண்ணா. நாலு ஓரமும் லென்ஸ் வெச்சுப் பார்த்தேன், கோடு இல்ல. மவுண்ட் போல்ட் ஒண்ணு மட்டும் கால் சுத்து தளர்ந்திருந்தது, த்ரெட் லாக் போட்டு இறுக்கிட்டேன். வலது நுனியில சின்ன எடை ஒண்ணு, சிஜி 29 சதவீதத்துல. ஞாயித்துக்கிழமை காலையில மைதானம்.